வேப்பெண்ணெயும் வெள்ளை எலியும்

சென்ற திங்கள் ஒரு மாலைப்பொழுதில், செம்பரம்பாக்கத்திலுள்ள நண்பர் ஒருவரின் இல்லத்திற்குச் சென்றிருந்தேன். ஏரிக்கரைக்குக் கூப்பிடு தொலைவில் உள்ள வீடு. வாயிலில் முதிர்ந்த வேப்பமரம் ஒன்று நிழல் பரப்பி நிற்கிறது. பேறுகாலத்திற்குத் தாய்வீடு வந்த மகள், மூன்று மாதக் குழந்தையோடு திண்ணையில் அமர்ந்திருந்தாள். குழந்தை வயிறு உப்பி, ஓயாமல் அழுதுகொண்டிருந்தது.

நண்பரின் தாயார், எண்பதை எட்டிய மூதாட்டி, அடுக்களையிலிருந்து ஒரு சிறு குப்பியையும் பாலாடையையும் எடுத்து வந்தார். குப்பியில் இருந்தது வேப்பெண்ணெய்.

"மாந்தம்தான், வேறொன்றும் இல்லை. இதில் கொஞ்சம் புகட்டினால் இரவு நன்றாகத் தூங்குவான்" என்றார்.

மகள் தயங்கினாள். "ஆயா, சிறு குழந்தைக்கு இதைக் கொடுக்கலாமா?"

"உன் அப்பனுக்குக் கொடுத்தேன், உன் அத்தைகளுக்குக் கொடுத்தேன். வாசலில் நிற்கிற மரம் நமக்குக் கெடுதல் செய்யுமா?"

அப்பொழுது, மருந்தியல் பயிலும் நண்பரின் இளைய மகன் குறுக்கிட்டான். "ஆயா, எங்கள் கல்லூரியில் ஓர் இலையின் சாற்றைக்கூட முதலில் எலிக்குக் கொடுத்துப் பார்க்காமல் பாதுகாப்பானது என்று சொல்ல மாட்டார்கள். எத்தனை நாள், எவ்வளவு அளவு என்று கணக்கு இருக்கிறது."

மூதாட்டிக்குச் சினம் வந்துவிட்டது. "வாயில்லாச் சீவனைப் பிடித்து நஞ்சு கொடுத்துக் கொல்வதா படிப்பு? அது பாவம் இல்லையா?"

மகள் என்னை நோக்கினாள். "மாமா, நீங்களே சொல்லுங்கள்" என்றாள்.

அன்றிரவு குப்பி மூடியே இருக்கட்டும் என்றும், குழந்தையை மறுநாள் காலையிலேயே மருத்துவரிடம் காட்டுங்கள் என்றும் மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பினேன். அந்த வீட்டில் எழுந்த வினாக்கள் இரண்டு. நம் முற்றத்து மரத்தின் எண்ணெய் குழந்தைக்குத் தீங்கு செய்யுமா என்பது ஒன்று. அதனை அறிவதற்கு ஊமைப் பிராணிகளைத் துன்புறுத்தலாமா என்பது மற்றொன்று. இரண்டுமே நேர்மையான வினாக்கள். இத்திங்கள் அவற்றையே வாசகர்களோடு சேர்ந்து எண்ணிப் பார்க்க விழைகிறேன்.

கோலாலம்பூரில் கண்டது

வேப்பெண்ணெயின் தீங்கை உலக மருத்துவர்களின் கவனத்திற்குக் கொண்டுவந்த செய்தி, தமிழர் குடியேறி வாழும் மலேசியாவிலிருந்து வந்தது. கோலாலம்பூர் மருத்துவமனைகளுக்கு இந்திய வமிசாவளிக் குடும்பங்களின் கைக்குழந்தைகள் சிலர் ஒரே விதமான நோய்க்குறிகளுடன் கொண்டுவரப்பட்டனர். முதலில் வாந்தி, பின்னர் மயக்கம், மூச்சு மேல்மூச்சாக வாங்குதல், அதன்பின் திரும்பத் திரும்ப வலிப்பு. சில மணி நேரத்திற்குள் இவையனைத்தும் தோன்றின. பெற்றோரை வினவியபோது, சளிக்கோ மாந்தத்திற்கோ வேப்பெண்ணெய் புகட்டியதாகத் தெரியவந்தது.

இறந்த குழந்தைகளின் உடலைச் சோதித்தபோது, கல்லீரலில் கொழுப்பு மண்டியிருந்தது, மூளை வீங்கியிருந்தது. இத்தகைய நோய்க்கூட்டத்தை 1963ஆம் ஆண்டில் ஆஸ்திரேலிய மருத்துவர் ரை என்பவர் விவரித்திருந்தார். அவர் பெயராலேயே அது வழங்குகிறது. வேப்பெண்ணெய் அதனை ஒத்த நோயை உண்டாக்கக்கூடும் என்று மலேசிய மருத்துவர்கள் 1981ஆம் ஆண்டில் இலண்டனின் புகழ்பெற்ற 'லான்செட்' இதழில் எழுதினர். மறு ஆண்டே, 1982இல், சென்னைக் குழந்தை மருத்துவர்கள் தாங்கள் கண்ட வேப்பெண்ணெய் நச்சு நிகழ்வுகளை இந்தியக் குழந்தை மருத்துவ இதழில் வெளியிட்டனர். ஆகவே இது கடல் கடந்த ஊரின் கதை மட்டுமன்று. நம் வீட்டுக் கதையுமாகும். அதன் பின்னரும் நம் நாட்டு மருத்துவ இதழ்களில் இத்தகைய நிகழ்வுகள் அவ்வப்போது பதிவாகியே வந்துள்ளன.

ஈண்டு ஓர் ஐயம் எழுவது இயல்பே. காய்ச்சலோடு இருந்த குழந்தைக்கு எண்ணெய் கொடுத்தார்கள், குழந்தை இறந்தது, நோயினால் இறந்ததா, எண்ணெயினால் இறந்ததா? தாயின் கண்ணீரை வைத்துக்கொண்டு இதனைத் தீர்மானிக்க இயலாது. இன்னொரு குழந்தைக்குக் கொடுத்துப் பார்க்கவும் எவருக்கும் மனம் துணியாது; துணியவும் கூடாது. அங்கேதான் ஆய்வுக்கூடத்து எலி வந்து சேர்கிறது.

எலிகள் அளித்த விடை

மலேசிய ஆய்வாளர்கள் எலிகளுக்கு வேப்பெண்ணெயைக் கொடுத்து, அவற்றின் கல்லீரலை நுண்ணோக்கியின் வாயிலாக ஆராய்ந்தனர். குழந்தைகளிடம் கண்ட மாறுதல்களை ஒத்தவற்றை அங்கும் கண்டனர். அம்முடிவுகள் 1985இல் வெளிவந்தன. 1987இல் ஜப்பானிய ஆய்வாளர்களுடன் இணைந்து மேலும் ஒரு படி சென்றனர். நம் உடலின் பெரும்பாலான உயிரணுக்களில் உணவை எரித்து ஆற்றலாக மாற்றும் சிற்றுலைகள் உள்ளன. மைட்டோகாண்டிரியா என்பது அவற்றின் பெயர். வேப்பெண்ணெய் இந்த உலைகளின் பணியைத் தடை செய்கிறது என்பதை எலியின் கல்லீரலைக் கொண்டு அவர்கள் காட்டினர். ஆற்றல் குன்றினால் கல்லீரல் தன் கடமையைச் செய்யாது, கொழுப்பு தேங்கும், இரத்தத்தில் அமிலம் மிகும், மூளை தடுமாறும். குழந்தையிடம் கண்ட குறிகளுக்கும் எண்ணெய்க்கும் இடையே இருந்த இடைவெளி இவ்வாறு நிரம்பியது.

இதற்கிடையே நம் நாட்டில், சண்டிகரிலுள்ள பட்டமேற்படிப்பு மருத்துவக் கழகத்தில், வேப்பெண்ணெயின் நச்சுத்தன்மையை அளந்து 1988இல் வெளியிட்டனர். ஒரே வேளையில் கொடுத்து 24 மணி நேரத்தில் பாதி விலங்குகளை மாய்க்கும் அளவு, எலிக்கு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 14 மி.லி.; முயலுக்கு 24 மி.லி. நுரையீரலும் நரம்பு மண்டலமுமே பெரிதும் தாக்குண்டன. அந்த ஆய்வில் என் கருத்தைக் கவர்ந்த நேர்மை ஒன்று உண்டு. 'இத்தனை எண்ணெயை வயிற்றில் ஊற்றினால் எந்த எண்ணெயாயினும் தீங்கு செய்யாதா?' என்ற வினாவை அவர்களே எழுப்பிக்கொண்டு, சமையலுக்குப் பயன்படும் கடுகெண்ணெயைக் கிலோவுக்கு 80 மி.லி. வரை தனியே கொடுத்தும் பார்த்தனர். எண்ணெய் என்பதால் விளைந்தது எவ்வளவு, வேம்பு என்பதால் விளைந்தது எவ்வளவு என்று பிரித்தறிவதற்காகவே அந்த ஏற்பாடு. நல்ல சோதனைக்கு இத்தகைய ஒப்பீடு இன்றியமையாதது.

எண்களை எவ்வாறு வாசிப்பது?

இந்த எண்களைக் கண்டு அவசரப்படுவோர் தவறான முடிவுக்கு வரக்கூடும். 4 கிலோ எடையுள்ள குழந்தைக்கு, எலியின் கணக்குப்படி 56 மி.லி. கொடுத்தால்தானே ஆபத்து? பாலாடையில் ஊற்றும் ஒரு தேக்கரண்டி 5 மி.லி. தானே? அது பத்தில் ஒரு பங்குகூட இல்லையே என்று தோன்றும். ஆனால் மருத்துவமனைக்கு வந்த குழந்தைகளுக்குப் புகட்டப்பட்டது தேக்கரண்டிக் கணக்கில்தான். கணக்கு எங்கே பிழைத்தது?

முதலாவது, பாதி விலங்குகளை மாய்க்கும் அளவு என்பது பாதுகாப்பான அளவு அன்று. மரணத்திற்கு முன்னரே வலிப்பும் மயக்கமும் வந்துவிடுகின்றன. இரண்டாவது, சோதிக்கப்பட்டவை வளர்ந்த, நோயற்ற விலங்குகள். நம் குழந்தையோ கல்லீரல் முதிராத பச்சிளம் சிசு; அதுவும் காய்ச்சலோ வாந்தியோ கண்டு, பால் குடியாது வாடியிருக்கும் வேளையில்தான் மருந்து புகட்டுகிறோம். மூன்றாவது, விலங்குக்கு விலங்கு உடலின் இயல்பு வேறுபடுகிறது. ஊமத்தையிலும் அதன் இனத்தைச் சேர்ந்த செடிகளிலும் அட்ரோபின் என்னும் நஞ்சு உண்டு. முயல்கள் பலவற்றின் உடலில் அதனைச் சிதைக்கும் நொதி ஒன்று அமைந்திருப்பதால், நம்மைக் கொல்லக்கூடிய இலையை அவை தின்றுவிட்டுத் துள்ளித் திரியும். முயலை மட்டும் நம்பினால் ஊமத்தையைக் கீரை என்றே எழுதிவிடுவோம்!

இதனை உணர்ந்தே, உணவுப் பொருள்களின் பாதுகாப்பை ஆய்வோர் ஒரு வழக்கத்தைக் கைக்கொண்டனர். விலங்கிற்கு எந்தத் தீங்கும் செய்யாத மிகுதியான அளவு எது என்று கண்டு, அதனை நூறால் வகுத்து மனிதனுக்கு உரியதாகக் கொள்வது அவ்வழக்கம். விலங்குக்கும் மனிதனுக்கும் உள்ள வேறுபாட்டிற்குப் பத்து. மனிதருக்குள்ளேயே வலியோர்க்கும் மெலியோர்க்கும் உள்ள வேறுபாட்டிற்குப் பத்து. 1954ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர் இருவர் முன்மொழிந்த இக்கணக்கு இன்றும் உலகெங்கும் வழக்கில் உள்ளது. எலியின் விடையை அப்படியே எடுத்துக்கொள்ளாமல், மெலிந்தோரை எண்ணி அதனைச் சுருக்கிக்கொள்ளும் அடக்கம் இதில் இருக்கிறது.

ஒரே மரம், இரு முடிவுகள்

அங்ஙனமாயின் வேம்பே நஞ்சுதானோ என்று எவரும் அஞ்ச வேண்டுவதில்லை. வேப்பங்கொட்டையில் பலநூறு பொருள்கள் கலந்துள்ளன. சலிமுசமான் சித்திகி என்ற இந்திய வேதியியல் அறிஞர் 1942இல் நிம்பின் என்ற கசப்புப் பொருளை வேப்பெண்ணெயிலிருந்து பிரித்தெடுத்தார். 1968இல் இங்கிலாந்தில் அசாடிராக்டின் என்ற பொருள் பிரிக்கப்பட்டது. பூச்சிகளை உண்ணவிடாமலும் வளரவிடாமலும் தடுக்கும் ஆற்றல் அதற்கு உண்டு. நம் உழவர்கள் தெளிக்கும் வேம்புப் பூச்சிக்கொல்லிகளின் உயிர்நாடி அதுவே.

பயிரில் தெளிப்பதை மனிதரும் உண்ண நேரிடும் அன்றோ? ஆகவே இலக்னோவிலுள்ள தொழிலக நச்சியல் ஆய்வு மையத்தில் அதனைச் சோதித்தனர். 12 விழுக்காடு அசாடிராக்டின் அடங்கிய பொருளை, ஆண் பெண் எலிகளுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 500, 1000, 1500 மில்லி கிராம் என மூன்று அளவுகளில், நாள்தோறும் 90 நாள்கள் வாய் வழியே கொடுத்தனர். எந்த எலியும் அதனால் இறக்கவில்லை. உறுப்புகளின் எடை, இரத்தம், திசு ஆகியவற்றில் மாறுதல் காணப்படவில்லை. 2001இல் வெளியான முடிவு இது.

ஒரே கொட்டையிலிருந்து வந்த எண்ணெய் குழந்தைக்கு எமனாகிறது. அதே கொட்டையிலிருந்து பிரித்த ஒரு பொருளோ 90 நாள்கள் கொடுத்தும் எலிக்குத் தீங்கு செய்யவில்லை. ஆகவே 'வேம்பு நல்லது', 'வேம்பு கெட்டது' என்று பொதுப்படப் பேசுவதில் பொருளில்லை. எந்தப் பகுதி, எந்த முறையில் எடுத்தது, எவ்வளவு, எத்தனை நாள், யாருக்கு என்று கேட்டாக வேண்டும். இதைக் கேட்கப் பழகுவதே நச்சியல் என்னும் கலையின் முதற்பாடம்.

வசம்பின் வரலாறும் இதையே போதிக்கிறது. பிள்ளை வளர்ப்பான் என்று நாம் செல்லப்பெயர் சூட்டிய பொருள் அது. நம் நாட்டு வசம்பின் எண்ணெயை நீண்ட காலம் உணவில் கலந்து கொடுத்தபோது, எலிகளின் சிறுகுடலில் கட்டிகள் தோன்றியதாக 1967இல் அமெரிக்க ஆய்வாளர்கள் அறிவித்தனர். மறு ஆண்டே அந்நாட்டில் உணவுப் பொருள்களில் வசம்பு சேர்ப்பது தடை செய்யப்பட்டது. நம் நாட்டு வகையில் மிகுந்திருக்கும் பீட்டா அசரோன் என்ற பொருளே காரணம் எனக் கருதுகின்றனர். அமெரிக்க நாட்டு வகையில் அது இல்லை. உரை மருந்தாக ஓரிரு முறை இழைத்துக் கொடுப்பதும், நாள்தோறும் எண்ணெயாக உண்பதும் ஒன்றல்ல என்பது மெய்தான். ஆயினும் 'காலங்காலமாகக் கொடுத்தோம், உடனே ஒன்றும் நேரவில்லை' என்பது முழுச் சான்றாகாது. மெல்ல வரும் தீங்கைப் பாட்டியின் கண்கள் காண இயலாது. பிழைத்த பிள்ளைகளைப் பற்றிய நினைவு வீட்டில் தங்குகிறது. மாந்தத்தால் போயிற்று என்று புதைத்த பிள்ளையின் கதையை யாரும் கணக்கில் எழுதுவதில்லை.

வாயில்லாச் சீவன்கள்

இனி மூதாட்டியின் இரண்டாம் வினாவிற்கு வருவோம். அதனை எள்ளி நகையாடும் உரிமை எவருக்கும் இல்லை. மேலே நான் எளிதாக எழுதிச் சென்ற ஒவ்வோர் எண்ணுக்குப் பின்னும் வலிப்புற்று மூச்சுத் திணறிய உயிர்கள் உள்ளன.

பாதி விலங்குகளை மாய்க்கும் அளவைக் காணும் முறையை 1927இல் இங்கிலாந்தில் டிரெவான் என்பவர் வகுத்தார். ஒரு பொருளுக்காகப் பல பத்து விலங்குகளை அது விழுங்கிற்று. 1959இல் ரஸ்ஸல், பர்ச் என்ற இரு ஆங்கில அறிஞர்கள், விலங்கிற்கு மாற்று இருப்பின் அதனையே கைக்கொள்க, எண்ணிக்கையைக் குறைத்திடுக, வலியைத் தணித்திடுக என்ற மூன்று நெறிகளை வகுத்தளித்தனர். பல நாடுகள் ஏற்றுக்கொண்ட சோதனை விதிகளிலிருந்து அந்தப் பழைய முறை 2002இல் நீக்கப்பட்டது. இப்பொழுது மூன்று மூன்று விலங்குகளாகப் படிப்படியே சோதித்து, 14 நாள்கள் கவனித்து, தேவையான விடை கிடைத்தவுடன் நிறுத்திக்கொள்ளும் முறை வழக்கில் உள்ளது.

நம் நாட்டில் இதற்கு வித்திட்டவர் சென்னையில் வாழ்ந்த ஒரு பெண்மணி என்பது நமக்குப் பெருமை. கலாக்ஷேத்திராவை நிறுவிய ருக்மிணி தேவி அருண்டேல், மாநிலங்களவை உறுப்பினராக இருந்தபோது பிராணிகளின் நலனுக்காகத் தனி மசோதா ஒன்றைக் கொண்டுவந்தார். பிரதமர் நேரு அளித்த உறுதியின்பேரில் அதனைத் திரும்பப் பெற்றார். அந்த முயற்சியின் பயனாகவே 1960இல் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டம் பிறந்தது. சோதனைகளை அச்சட்டம் தடை செய்யவில்லை. ஆயின் அவற்றை மேற்பார்வையிட ஒரு குழுவுக்கு வழி செய்தது. 1998ஆம் ஆண்டின் விதிகளின்படி, விலங்குகளை வைத்து ஆயும் ஒவ்வொரு நிறுவனமும் பதிவு பெறவும், நெறிமுறைக் குழுவின் ஒப்புதலைப் பெறவும் வேண்டும். அக்குழுவில் விஞ்ஞானி அல்லாத ஒருவரும் அமர்ந்திருப்பார். 'இந்தச் சோதனை தேவைதானா? இத்தனை எலிகள் ஏன்?' என்று கேட்பதற்கு அங்கே ஓர் இருக்கை உண்டு. 2023இல் திருத்தப்பட்ட புதிய மருந்து விதிகள், விலங்குகளின்றி உயிரணுக்களையும் கணிப்பொறியையும் கொண்டு செய்யும் சோதனைகளுக்கும் இடமளித்துள்ளன.

ஆயினும் ஒன்றை மறைக்கலாகாது. பழைய நூல்களில் உள்ளபடியே செய்யப்படும் மருந்துகளுக்கு, நீண்டகால வழக்கே சான்று எனக் கொண்டு, புதிதாகப் பாதுகாப்புச் சோதனை கேட்கப்படுவதில்லை. வீட்டில் நாமே புகட்டும் எண்ணெய்க்கோ எந்த விதியும் இல்லை. எலிக்குக் கொடுப்பதற்கு ஒரு குழு கூடி ஒப்புதல் வழங்க வேண்டும். பச்சிளம் குழந்தைக்குக் கொடுப்பதற்கு ஒரு பாலாடை போதும்! எலியிடம் நாம் கேட்காத வினாவைக் குழந்தையிடம் கேட்டுவிட்டோம் என்பதே கோலாலம்பூர் நிகழ்ச்சியின் உட்பொருள்.

தேவையற்ற சோதனையை நானும் வெறுக்கிறேன். முன்னரே விடை தெரிந்த வினாவிற்காக, பட்டம் பெறுவதற்காக மட்டும், ஓர் உயிரைப் போக்குவது நியாயமன்று. ஆனால் விடை கிடைத்த பின்னரும் அதனைக் காதில் வாங்காமல் இருப்பது, அவ்வுயிர்களை வீணே கொன்றதாகும். அந்த எலிகளுக்கு நாம் செலுத்தும் கடன், அவை அளித்த விடையைப் பயன்படுத்துவதே.

தாய்மார்களுக்கு

எனவே சுருக்கமாகச் சில சொற்கள். கைக்குழந்தைக்கும் சிறு குழந்தைக்கும் வேப்பெண்ணெயை உள்ளுக்குக் கொடுக்க வேண்டாம்; துளியாயினும் வேண்டாம். குப்பியைக் குழந்தைகளுக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள்; இருமல் மருந்துக் குப்பிக்கு அருகில் வைக்காதீர்கள். அறியாமல் கொடுத்துவிட்டால், அறிகுறி தோன்றட்டும் எனக் காத்திராமல் உடனே மருத்துவமனைக்கு விரையுங்கள். வாந்தி எடுக்க வைக்க முயலாதீர்கள். எண்ணெய் நுரையீரலுக்குள் சென்றால் ஆபத்து இரட்டிப்பாகும். குப்பியையும் உடன் எடுத்துச் செல்லுங்கள். என்ன கொடுத்தோம், எவ்வளவு கொடுத்தோம் என்பதை வெட்கமின்றி, அச்சமின்றி மருத்துவரிடம் சொல்லுங்கள். மாமியாரையோ பாட்டியையோ பழி வாங்கும் நேரம் அதுவன்று. அன்பினால் செய்ததைக் குற்றமாக்கினால் அடுத்த முறை உண்மை மறைக்கப்படும்.

இவற்றையெல்லாம் திரட்டிக்கொண்டு மறுவாரம் மீண்டும் செம்பரம்பாக்கம் சென்றேன். குழந்தை நலமாக உறங்கிக்கொண்டிருந்தது. வயிற்று உப்புசத்திற்கு மருந்தே தேவையில்லை, பால் குடித்தபின் தோளில் சாய்த்து ஏப்பம் விடச் செய்தால் போதும் என்று மருத்துவர் கூறிவிட்டாராம். நான் சொன்னவற்றையெல்லாம் மூதாட்டி பொறுமையாகக் கேட்டார். நெடுநேரம் வேப்பமரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெல்லிய குரலில், "எனக்கு மூன்றாவதாகப் பிறந்தது, இப்படித்தான், ஒரே இரவில்..." என்று தொடங்கி, முடிக்காமல் நிறுத்திக்கொண்டார்.

அவ்வீட்டில் எவரும் மேற்கொண்டு கேட்கவில்லை. கேட்டாலும் இன்று விடை கூற எவருக்கும் இயலாது. பேரன் எழுந்து சென்று ஆயாவின் அருகில் அமர்ந்து அவர் கையைப் பற்றிக்கொண்டான். விளக்கேற்றும் நேரம் வந்தது. மூதாட்டி எழுந்தார், அடுக்களை மாடத்திலிருந்த குப்பியை எடுத்து வந்து, அதிலிருந்த எண்ணெய் முழுவதையும் அகல் விளக்கில் ஊற்றினார்.